டிரம்ஹெல்லர்: மியூசியம் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

பனிமூட்டம்:

ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் கனடாவுக்கு, நான் இருக்கிற கல்கரிக்கு வருகிறார்கள். பான்ஃப், லேக் லூயிஸ் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. அதோடு டிரம்ஹெல்லர் பக்கமும் கூட்டிப் போகலாமா என்று யோசனை. இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான்: டைனோசர் மியூசியம் பார், பெரிய டைனோசர் முன்னால் நின்று படம் எடு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடு. அவ்வளவுதானா அந்த ஊர்?

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய இயந்திரம், தண்டவாளம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. ஓர் இரவு தங்குவதா, அன்றே திரும்புவதா? அந்த ஊர்க் கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

நேரடிப்பேச்சு:

தங்க வேண்டிய அவசியமே இல்லை. கல்கரியிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். காலையில் மியூசியம், மதியம் சாப்பாடு, போகிற வழியிலோ வருகிற வழியிலோ ஹார்ஸ்ஷூ கேன்யன் என்ற பாறைப் பள்ளத்தாக்கு, முடிந்தது. எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. தெருவுக்குத் தெரு வண்ணம் பூசிய டைனோசர் பொம்மைகள், அதில் பாதிக்கு உடம்புக்கும் தலைக்கும் சம்பந்தமே இருக்காது. பாறை அருமை, மியூசியம் அருமை, ஊர் சுமார். என் கருத்து இது, சண்டைக்கு வராதீர்கள்.

வழிப்போக்கன்:

சண்டைக்கு வரத்தான் போகிறேன் அண்ணா.

டைனோசர் ஊர் என்று நினைத்துக்கொண்டு போனால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மியூசியம் 1985 செப்டம்பரில்தான் திறந்தது. அதற்கு முன்னால் ஏறத்தாழ எழுபது வருடம் அது நிலக்கரி ஊர். 1911க்கும் 1979க்கும் நடுவில் அந்தப் பள்ளத்தாக்கில் பதிவான சுரங்கங்கள் மட்டும் 139. வெட்டி எடுத்த கரி ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல். இன்றைக்கு நாம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற மேடுகளுக்கு அடியில் எத்தனையோ கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதை ஓடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரைச் சுமார் என்று சொல்வது நியாயமா?

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தாமஸ் கிரீன்ட்ரீ என்று ஒருவர் ஆற்றங்கரையில் நிலம் பிடித்துக் குடியேறியிருந்தார். வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வந்த சாமுவேல் டிரம்ஹெல்லர், கரி இருப்பதைத் தெரிந்துகொண்டு அந்த நிலத்தை வாங்கினார். ஊருக்கு யார் பெயரை வைப்பது என்று இருவரும் காசு சுண்டிப் பார்த்தார்கள், டிரம்ஹெல்லர் ஜெயித்தார் என்று அங்கே சொல்வார்கள். நிஜமோ கட்டுக்கதையோ, கேட்க நன்றாக இருக்கிறது. 1911இல் கனடியன் நார்தர்ன் ரயில் பாதை வந்தது. அதே வருடம் நியூகாசில் சுரங்கத்திலிருந்து கரி வெளியே போக ஆரம்பித்தது. 1913இல் கிராமம், 1916இல் டவுன், 1930இல் சிட்டி என்று ஊர் வளர்ந்த வேகத்தைப் பாருங்கள். அப்புறம் 1998இல் சுற்றுப்பகுதியோடு இணைத்தபோது மறுபடியும் டவுன் ஆகிவிட்டது. சிட்டியாக இருந்து டவுனாக இறங்கிய ஊர் என்று கிண்டல் செய்யலாம், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தொழில் செத்த கதை இருக்கிறது.

அந்தக் கரி பெரும்பாலும் வீடுகளைச் சூடாக்கப் போனது. பிரெய்ரிச் சமவெளி முழுக்கக் குளிர்காலத்தில் அடுப்பு எரிந்தது இந்தக் கரியில்தான். அதனால் வேலையும் குளிர்காலத்தில்தான் அதிகம். கோடை வந்தால் சுரங்கம் மந்தமாகிவிடும், ஆட்கள் பண்ணை வேலை தேடிப் போவார்கள். பிரிட்டனிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவர்கள் ஆரம்பத்தில் கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும்தான் இருந்தார்கள். 1919இல் 'ஒன் பிக் யூனியன்' என்ற சங்கத்தை ஏற்கச் சொல்லி வேலைநிறுத்தம் நடந்தது. முதலாளிகள் அந்தச் சங்கத்தோடு பேசவே மாட்டோம் என்றார்கள். போரிலிருந்து திரும்பிய படைவீரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வேலைநிறுத்தம் செய்தவர்களை அடித்து மேடுகளுக்குத் துரத்தினார்கள். போராட்டம் தோற்றது. மியூசியம் கடையில் டைனோசர் பொம்மை வாங்கும்போது இது எதுவும் கண்ணில் படாது.

1947 பிப்ரவரியில் லெடுக்கில் எண்ணெய் கிடைத்தது. வீடுகளுக்கு எரிவாயு வந்தது, ரயில்கள் டீசலுக்கு மாறின. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக மூடியது ஈஸ்ட் கூலியில் இருக்கும் அட்லஸ், 1979இல்.

உங்கள் அப்பாவை அட்லஸுக்குக் கூட்டிப் போகாமல் திரும்பினால் நான் உங்களோடு பேச மாட்டேன், பனிமூட்டம்.

கல்லும் மண்ணும்:

வழிப்போக்கன் சார் சொன்னதில் கரி ஒரு பக்கம், டைனோசர் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார். நான் படித்தது மண்ணியல், அதனால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டும் ஒரே சேற்றிலிருந்து வந்தவை.

சுமார் ஏழு கோடி வருடங்களுக்கு முன்னால் அந்தப் பகுதி ஓர் உள்நாட்டுக் கடலின் ஓரம். ஆறுகள் வந்து விழும் கழிமுகம், சதுப்பு நிலம், அடர்ந்த காடு, இன்றைக்கு இருப்பதைவிட வெப்பமான காலநிலை. செடிகொடி மக்கிக் கிடந்த சதுப்பு கரியானது. பக்கத்தில் வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த மணலிலும் வண்டலிலும் புதைந்த விலங்குகள் புதைபடிவமாயின. ஹார்ஸ்ஷூ கேன்யனில் நின்று எதிர்ச் சரிவைப் பாருங்கள். சாம்பல், பழுப்பு வரிகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடும், அதுதான் கரி. அந்தப் பாறை அடுக்குக்கே ஹார்ஸ்ஷூ கேன்யன் அடுக்கு என்றுதான் பெயர். டிரம்ஹெல்லர் சுரங்கங்கள் தோண்டியதும் இந்த அடுக்கைத்தான், ஆல்பர்ட்டோசாரஸ் என்ற டைனோசர் கிடைத்ததும் இதே அடுக்கில்தான்.

பள்ளத்தாக்கு மட்டும் புதியது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது உருகிய தண்ணீர் சமவெளியை அறுத்துக்கொண்டு ஓடியது. அதனால்தான் கோதுமை வயலில் நேராக வண்டி ஓட்டிக்கொண்டு போகிற உங்களுக்கு முன்னால் திடீரென்று தரை காணாமல் போகிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, அந்த இடத்தில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்கு வேடிக்கை.

மியூசியத்துக்குப் பெயர் தந்த டிர்ரலின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஜோசப் பர் டிர்ரல், கனடா புவியியல் ஆய்வுத் துறை ஊழியர், 1884 ஆகஸ்டில் அங்கே போனபோது அவருக்கு வயது 25. போனது கரி தேட. கரியும் கிடைத்தது. நீஹில்ஸ் ஓடைப் பக்கம் சரிவிலிருந்து ஒரு மண்டையோடும் எட்டிப் பார்த்தது. கையில் இருந்த கருவிகளை வைத்து எடுத்து, குதிரை வண்டியில் கல்கரிக்குக் கொண்டுபோனார். 1905இல் நியூயார்க்கின் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் அந்த விலங்குக்கு ஆல்பர்ட்டோசாரஸ் என்று பெயர் வைத்தார். அந்த வருடம்தான் ஆல்பர்ட்டா மாகாணமே உருவானது. டிர்ரல் பிற்காலத்தில் தங்கச் சுரங்கத்தில் பணம் சம்பாதித்து 98 வயது வரை இருந்தார்.

அதற்கு முன்னால் யாருக்கும் அந்த எலும்புகளைத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அந்த நிலம் பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் இந்த எலும்புகளை எருமைகளின் தாத்தா என்று மதித்து வழிபட்டதை 1871 வாக்கிலேயே ஒரு பிரெஞ்சு கனடியர் எழுதி வைத்திருக்கிறார். எலும்பு என்று தெரிந்திருக்கிறது, இப்போதுள்ள விலங்கைவிடப் பெரியது, பழையது என்றும் தெரிந்திருக்கிறது. எனக்கு அது டிர்ரலின் கண்டுபிடிப்புக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

ஸ்காபரோ செல்வி:

நாங்கள் போன கோடையில் ரொறன்ரோவில் இருந்து பிள்ளைகளோடு போனோம். கல்லும் மண்ணும் எழுதியதை அப்பவே வாசித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு மகன் கேட்டான், நான் நிழல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மியூசியத்தைப் பற்றி ஒருவரும் வடிவாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். டைனோசர் மண்டபம் பெரிது, சரி. ஆனால் எங்கள் பிள்ளைகள் அசையாமல் நின்றது இரண்டு இடத்தில். ஒன்று, கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் பாறையில் இருந்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிற ஆய்வுகூடம். பல் வைத்தியரிடம் இருக்கிற மாதிரி ஒரு சின்னக் கருவி. ஒருவர் ஒரே இடத்தை அவ்வளவு நேரமும் சுரண்டிக்கொண்டே இருந்தார், ஒரு மாற்றமும் எங்களுக்குத் தெரியவில்லை.

மற்றது பொரியலோபெல்ட்டா என்ற கவச டைனோசர். இதுக்காகவே போகலாம். 2011இல் ஃபோர்ட் மக்மரி பக்கம் எண்ணெய் மணல் சுரங்கத்தில் மண் வாரும் இயந்திரம் ஓட்டியவர் கண்ணில் பட்டது. 11 கோடி வருடம் பழசு. எலும்புக்கூடு மாதிரி இல்லை, தோல், கவசம், முகம் எல்லாத்தோடும் ஒரு விலங்கு படுத்து நித்திரை கொள்கிற மாதிரியே இருக்கு. செத்தபிறகு கடலுக்கு அடித்துக்கொண்டு போய் அடியில் புதைந்ததாலேதான் அப்படித் தப்பியதாம். தூக்கும்போது பாறை உடைந்துபோச்சு. பிறகு மார்க் மிட்சல் என்ற தொழில்நுட்பர் ஏழாயிரம் மணித்தியாலம் இருந்து அதைப் பாறையில் இருந்து பிரித்தெடுத்தார். அதனாலே அந்த விலங்கின் முழுப்பெயரிலே அவர் பெயரும் இருக்கு: பொரியலோபெல்ட்டா மார்க்மிட்செல்லி. ஒரு விஞ்ஞானியின் பெயரை வைக்காமல், கையால் வேலை செய்தவரின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் மியூசியத்தில் பிரச்சினை இல்லை, சக்கர நாற்காலி போகிற மாதிரித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வெளியில் சரியான வெயில். பள்ளத்துக்குள் காற்றே இல்லை. தண்ணீர் கூடுதலாகக் கொண்டு போங்கள்.

நேரடிப்பேச்சு:

செல்வி சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். மியூசியம் நல்லது என்றுதானே நானும் சொன்னேன்.

வழிப்போக்கனுக்கு ஒரு கேள்வி. கரி ஊர், கரி ஊர் என்கிறீர்களே, இன்றைக்கு அங்கே பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? மூடிய சுரங்கத்தைப் பார்க்க எத்தனை பேர் கடல் தாண்டி வருவார்கள்? மியூசியத்துக்கு வருடம் நாலு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஊரைக் காப்பாற்றியது டைனோசர்தான். 26 மீட்டர் உயர டி-ரெக்ஸ் சிலையை நான் கேலி செய்தாலும், 106 படி ஏறி அதன் வாய்க்குள் நின்று ஊரைப் பார்க்கக் கோடையில் வரிசை நிற்கிறது. கரிக்கு அந்த வரிசை நிற்குமா?

எட்மன்டன் மாமி:

அந்த 106 படி ஏறினவள் நான். வாய்க்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கலாம். பல்லுக்கு நடுவில் பார்த்தால் ஆறு, ஊர், மேடு எல்லாம் தெரிகிறது. இறங்கினால் நேராகக் கடைக்குள்தான் வர வேண்டும், அதுதான் அவர்கள் சாமர்த்தியம். நிஜ டி-ரெக்ஸைவிட நாலு மடங்குக்கு மேல் பெரிசாம். பேரன் அழுதுவிட்டான். சிலையைக் கேலி செய்வது சுலபம், ஆனால் ஒரு சின்ன ஊர் பிழைக்க வழி தேடும்போது நாசூக்கு பார்க்க முடியுமா?

எனக்குப் பிடித்தது அந்தச் சின்னத் தேவாலயம். உள்ளே ஆறு பேர்தான் உட்காரலாம். பத்தாயிரம் பேர் உட்காரலாம், ஆனால் ஒரு தடவைக்கு ஆறு பேர் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். 1958இல் கட்டினது, பழுதாகிப் போனபிறகு 1991இல் அங்கே இருக்கிற சிறைச்சாலைக் கைதிகள் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்கள். டிரம்ஹெல்லரில் பெரிய மத்தியச் சிறை இருக்கிறது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. கரி போன பிறகு ஊருக்குச் சம்பளம் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

வழிப்போக்கன்:

நேரடிப்பேச்சு அண்ணா, வரிசையை வைத்து மதிப்புப் போட்டால் பேச்சே இல்லை. ஆனால் என்ன மிச்சம் என்று கேட்டதால் சொல்கிறேன்.

அட்லஸில் மிச்சம் இருப்பது மரத்தாலான எட்டு மாடி டிப்பிள். சுரங்கத்திலிருந்து வந்த கரியை அளவு வாரியாகச் சலித்து, கல்லைப் பொறுக்கி, நேராகக் கீழே நிற்கும் ரயில் பெட்டிகளில் கொட்டும் கட்டடம் அது. கனடாவில் மரத்தால் கட்டிய டிப்பிள்களில் இதுதான் கடைசி, தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். உள்ளே போனால் குலுங்கும் சல்லடைகள், பட்டைகள், சக்கரங்கள் எல்லாம் நின்ற நிலையில் அப்படியே இருக்கின்றன. கட்டியவர்கள் அழகு பார்த்துக் கட்டவில்லை, தேவைக்குத் தேவை ஒரு மாடி, ஒரு சரிவு என்று ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், அதனாலேயே பார்க்க அழகாக இருக்கிறது. ஆட்கள் தலைவிளக்கு வாங்கிய அறை, குளித்த அறை, சம்பளம் வாங்கிய அலுவலகம் எல்லாம் இருக்கின்றன. ஆட்களை ஏற்றிப்போகும் சிறிய ரயில் ஒன்றிலும் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுவார்கள். வழிகாட்டிகள் மனப்பாடம் ஒப்பிப்பதில்லை, கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்கிறார்கள். ரயில்வேக்காரர் ஒருவர் கேட்கும் கேள்விகளுக்கு அவர்கள் ஏங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஈஸ்ட் கூலி ஊரையும் ஒரு சுற்று சுற்றிவாருங்கள். ஒரு காலத்தில் சில ஆயிரம் பேர் இருந்த இடம், இன்று இருநூறு பேர் தேறமாட்டார்கள். பள்ளிக்கூடம் மியூசியமாகிவிட்டது, 1930களின் வகுப்பறையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வேய்ன். ரோஸ்டேலிலிருந்து பிரியும் சாலையில் ஆறே கிலோமீட்டரில் ஒரே ஓடையைப் பதினொரு பாலங்களில் கடந்து போவதாகத்தான் அந்த வழிக்குப் பெயர். ஓடை அப்படி நெளிகிறது. கடைசியில் ரோஸ்டீர் ஹோட்டல், அதற்குள் 'லாஸ்ட் சான்ஸ் சலூன்'. சுரங்கக் காலத்தில் ஆள் நிறைந்திருந்த ஊரில் இன்று விரல்விட்டு எண்ணும் குடும்பங்கள்தான். சலூன் சுவரில் துப்பாக்கிக் குண்டு ஓட்டைகளைக் காட்டுவார்கள். அதைச் சுட்டது யார் என்று கேட்டால் கேட்கும் ஆளுக்கு ஏற்ப ஒரு கதை கிடைக்கும்.

ரோஸ்டேலிலேயே ஸ்டார் சுரங்கத்தின் தொங்குபாலம் இருக்கிறது. 117 மீட்டர் நீளம். முதலில் படகில் ஆற்றைக் கடந்தார்கள், அப்புறம் கம்பியில் தொங்கும் தொட்டியில், 1931இல் பாலம். இப்போது நடக்க விடுகிறார்களா என்று கிளம்பும் முன் ஊர் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

பனிமூட்டம்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அட்லஸ் உறுதி. அதுவும் டிப்பிளுக்குள் அப்பாவை விட்டுவிட்டால் அவரை வெளியே கூட்டி வருவதுதான் வேலை. அம்மாவுக்கு அங்கே என்ன செய்வது? ஹூடூ கற்கள் என்று படத்தில் பார்த்தேன், காளான் மாதிரி நிற்கிறதே, அது எந்தப் பக்கம்? அங்கே படி ஏற வேண்டுமா? மழை பெய்தால் என்ன ஆகும்?

கல்லும் மண்ணும்:

ஹூடூ, ஊரிலிருந்து தென்கிழக்கே 16 கிலோமீட்டரில், 10ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்திலேயே. அட்லஸுக்குப் போகிற வழிதான். வண்டியை நிறுத்தினால் கண்ணுக்கு எதிரே நிற்கும். கீழிருந்தே நன்றாகத் தெரியும், அம்மா ஏற வேண்டியதில்லை. ஐந்து முதல் ஏழு மீட்டர் உயரம், மென்மையான மணற்கல் தூண், தலைமேல் கடினமான ஒரு பலகைக்கல். அந்தத் தொப்பி மழையைத் தாங்குவதால் அடியிலுள்ள மண் மெதுவாகக் கரைகிறது. தொப்பி விழுந்துவிட்டால் தூணுக்கு அதிக நாள் ஆயுள் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அரிக்கிறது என்பார்கள். அதனால்தான் வேலி போட்டு, ஏறாதே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தும் ஏறுகிறார்கள், படம் எடுக்க. அவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு.

மழையைப் பற்றிக் கேட்டீர்களே, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அந்த மண்ணில் பென்டோனைட் என்ற களிமண் கலந்திருக்கிறது. எரிமலைச் சாம்பல் மாறி உண்டானது. காய்ந்திருக்கும்போது மேற்பரப்பு சோளப்பொரி போல் பொரிந்து கிடக்கும், காலுக்குப் பிடிமானம் இருக்கும். நாலு துளி மழை விழுந்தால் அதுவே உப்பி, எண்ணெய் தடவின தரை ஆகிவிடும். செருப்புக்கடியில் ஒட்டி ஒட்டிக் கால் கனக்கும், சறுக்கினால் பிடிக்க ஒன்றும் கிடையாது. ஹார்ஸ்ஷூ கேன்யனில் கீழே இறங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வானம் கறுத்தால் இறங்காதீர்கள். மழை நாளென்றால் மியூசியம், மண் காய்ந்த நாளென்றால் கேன்யன், அவ்வளவுதான் கணக்கு.

ஸ்காபரோ செல்வி:

அம்மாவுக்கு நான் ஒரு இடம் சொல்கிறேன். மியூசியத்தைத் தாண்டி ஆற்றோரமாகவே போனால் ஹோர்ஸ்தீஃப் கேன்யன், பிறகு பிளேரியோ ஃபெரி. கம்பியில் ஓடுகிற சின்னப் படகு, காரோடு ஏற்றி ஆற்றின் மறுகரையில் விடுகிறது. காசு இல்லை. 1913இல் தொடங்கினது. ஆங்கிலக் கால்வாயை முதல்முதலாக விமானத்தில் கடந்த லூயி பிளேரியோ இருக்கிறாரே, அவருடைய சகோதரன் அந்திரே இங்கே குடியேறினவர், அவர் பெயர்தான் படகுக்கு. அண்ணன் தம்பியிலே ஒருவர் கடலைப் பறந்து கடக்க, மற்றவர் பெயரிலே ஆற்றை ஆமை வேகத்தில் கடக்கிற படகு! காரை விட்டு இறங்காமலே எல்லாம் பார்க்கலாம். அந்தச் சுற்று முழுக்க 48 கிலோமீட்டர்தான், மறுகரையால் திரும்பி ஊருக்கு வந்துவிடலாம். குளிர்காலத்தில் படகு இல்லை, ஆகஸ்டில் இருக்கும்.

நேரடிப்பேச்சு:

சரி, ஃபெரி எனக்குத் தெரியாத செய்தி. இத்தனை தடவை போயும் மியூசியத்துக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஆனால் ஒன்று. ஒரே நாளில் மியூசியம், ஃபெரி, அட்லஸ், வேய்ன் எல்லாம் முடியாது. மியூசியமும் ஃபெரியும் ஊருக்கு வடமேற்கே, அட்லஸும் ஹூடூவும் வேய்னும் தென்கிழக்கே. நடுவில் ஊர். இரண்டு கோடிக்கும் அலைந்தால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். அப்போது தங்கத்தான் வேண்டியிருக்கும்.

வழிப்போக்கன்:

'தங்க வேண்டிய அவசியமே இல்லை' என்று ஆரம்பித்த ஆளா இது! எழுதி வைத்துக்கொள்கிறேன்.

எட்மன்டன் மாமி:

தங்குகிறவர்கள் ஆகஸ்டுக்கு இப்போதே அறை பிடித்துவிடுங்கள். சின்ன ஊர், வார இறுதியில் காலி கிடைக்காது. ஜூலையில் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஏசுவின் பாடுகள் நாடகம் நடக்கும், மலைச்சரிவே இயற்கையான அரங்கு. 1994இலிருந்து நடத்துகிறார்கள். மதம் எதுவாக இருந்தாலும், அந்தப் பாறைகளுக்கு நடுவில் நிஜக் குதிரைகளோடு நடக்கும்போது பார்க்க வேண்டிய காட்சிதான். பனிமூட்டம் போகும்போது முடிந்திருக்கும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, டைனோசர் மாகாணப் பூங்கா என்று ஒரு பெயர் வரைபடத்தில் வரும். அது இங்கே இல்லை. புரூக்ஸ் பக்கம், இன்னும் இரண்டு மணி நேரம். யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது அதுதான். எங்கள் உறவுக்காரர் ஒருவர் இரண்டும் ஒன்று என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போய்விட்டார்.

பனிமூட்டம்:

அறை தேட ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் மியூசியமும் ஃபெரியும், இரண்டாம் நாள் ஹூடூ, அட்லஸ், நேரமிருந்தால் வேய்ன்.

கடைசியாக ஒரு சந்தேகம். அக்கா பையனும் கூட வருகிறான், எட்டு வயது. கண்ணில் படுகிற கல்லையெல்லாம் பையில் போடுகிறவன். அங்கே எலும்புத் துண்டு கிடந்தால் எடுக்கலாமா?

கல்லும் மண்ணும்:

ஆல்பர்ட்டாவில் கிடைக்கும் புதைபடிவம் எல்லாம் மாகாண அரசின் சொத்து. தரைக்கு மேல் கிடப்பதை நில உரிமையாளர் அனுமதியோடு எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் அதற்குப் பாதுகாவலர் மட்டுமே, உரிமையாளர் இல்லை. விற்கவோ மாகாணத்தை விட்டு வெளியே கொண்டுபோகவோ அனுமதி வேண்டும். தோண்டக் கூடாது, அதற்கு ஆராய்ச்சியாளர்களுக்குத் தரும் உரிமம் தேவை. மாகாணப் பூங்காக்களில் எதையும் தொடவே கூடாது, மியூசியம் இருப்பதே மிட்லண்ட் மாகாணப் பூங்காவுக்குள்தான். சுருக்கமாக, பையனின் பையை ஹோட்டலிலேயே வைத்துவிடுங்கள்.

பெரிதாக ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து மியூசியத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் பதில் போடுவார்கள். அந்த மியூசியத்தில் இருக்கும் நல்ல மாதிரிகள் பலவும் நடக்கப் போனவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் கண்டு சொன்னவைதான்.

எலும்பா கல்லா என்று தெரியாவிட்டால் உடைந்த பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பென்றால் உள்ளே சிறு சிறு துளைகள் தெரியும். நாக்கில் ஒட்டிப் பார்ப்பது என்று ஒரு பழைய முறை உண்டு, ஒட்டிக்கொண்டால் எலும்பு என்பார்கள். எட்டு வயதுப் பையனிடம் அதைச் சொல்லித் தொலைக்காதீர்கள், அந்த மேட்டிலுள்ள ஒரு கல்லையும் விடமாட்டான்.